தம்பி வீட்டுக்குப் போகாத பாக்கெட்

பாலக்கோட்டில் அருள்ராணி குடியிருக்கும் தெருவில், எதையாவது விற்கவேண்டும் என்றால் அவளைக் கூப்பிடு என்பார்கள். பழைய பீரோவோ, கன்று போட்ட எருமையோ, அவள் பக்கத்தில் நின்று பேசினால் வந்தவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். அதற்காகப் பொய் சொல்லி விற்பவள் இல்லை. எருமை உதைக்கும் என்றால் உதைக்கும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பாலைப் பற்றி வாய் திறப்பாள். தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது.

கணவன் ஸ்தனிஸ்லாஸ் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். ஒரே மகள் சகாயமேரி. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு அருள்ராணி தர்மபுரியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கேதான் மாதவராஜ் அவளைப் பார்த்தான். கம்பைநல்லூர்க்காரன், அவளைவிட நாலைந்து வயது இளையவன். பாக்கெட்டில் அடைத்த கறி விற்கும் ஒரு கம்பெனிக்கு இந்தப் பக்கமெல்லாம் மேனேஜர். மனைவி பூவிழிக்குப் புடவை எடுக்க வந்தவன், அருள்ராணி பேசிய பேச்சில் இரண்டு புடவை கூடுதலாக எடுத்துவிட்டுச் சிரித்தான்.

“அக்கா, உங்க தெறமைக்கு இந்தக் கடை பத்தாதுங்க. எங்க கம்பெனிக்கு வாங்க. நின்னு நாலு வார்த்த பேசுனா போதும்.”

அப்படித்தான் அவள் தர்மபுரியிலேயே ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, கரண்ட் அடுப்பு, ஒட்டாத வாணலி, பல்குச்சி டப்பா. தலையில் சிவப்புத் தொப்பி. சாசேஜ் என்ற பெயரே அதுவரை அவளுக்குத் தெரியாது. கோழிக்கறியையோ பன்றிக்கறியையோ நைஸாக அரைத்து, உப்பும் கெடாமல் இருப்பதற்கான மருந்தும் சேர்த்து, விரல் நீளத்துக்கு அடைத்து வைத்திருந்தார்கள். சலாமி என்பது அதையே பெரிய உருளையாக்கி வட்டம் வட்டமாகச் சீவியது. வாணலியில் போட்டால் கடை முழுக்க வாசம் தூக்கும். துண்டு துண்டாக வெட்டிக் குச்சியில் குத்தி நீட்டுவாள்.

“வாங்கம்மா, சும்மா ருசி பாருங்க. காலையில அவசரத்துல புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுத்தனுப்புறதுன்னு நிக்கிறீங்க இல்ல? அஞ்சே நிமிஷம், வறுத்து டப்பாவுல போட்டா முடிஞ்சுது.”

தாய்மார்கள் நின்றார்கள். வாங்கினார்கள். அடுத்த வாரம் அவளைத் தேடி வந்து வாங்கினார்கள். சேலம் வரைக்கும் அவள் பெயர் கம்பெனியில் அடிபட்டது.

ருசி காட்டப் பிரித்த பாக்கெட்டில் மிஞ்சியதைத் திரும்ப வைக்கமுடியாது. “குப்பையில போடாதீங்கக்கா. நீங்க சாப்புடுங்க, புள்ளைக்கு எடுத்துட்டுப் போங்க” என்றான் மாதவராஜ். கறி என்பது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆக்குவது என்றிருந்த வீட்டில், தினமும் கறி. மதியம் தயிர்ச்சோற்றுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. சகாயமேரியின் டப்பாவில் அதுதான். ஸ்தனிஸ்லாஸுக்கு மட்டும் அந்த வாசம் பிடிக்கவில்லை. ரப்பரை வறுத்த மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டான்.

மாதவராஜை அவள் வெறும் மேனேஜராக நினைக்கவில்லை. கூடப் பிறந்த தம்பி இல்லாதவள் அவள். கிறிஸ்துமஸுக்கு அவன் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். பொங்கலுக்கு இவர்கள் போவார்கள். அவன் அப்பா உடம்பு முடியாமல் கிடந்து செத்தபோது கம்பைநல்லூருக்குப் போய் மூன்று நாள் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்துக்கொண்டவள் அருள்ராணி. என்ன நோய் என்று கேட்டதற்கு, “ஈரல் கெட்டுப்போச்சுங்கக்கா” என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அது நடந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு நாள் கடைக்கு வந்த ஒரு பெண், அருள்ராணி நீட்டிய குச்சியைத் தன் குழந்தை வாங்கப்போகும்போது அதன் கையைத் தட்டிவிட்டாள். “இதத் தின்னா குடல்ல கேன்சர் வரும்னு நியூஸ்லயே சொல்லிட்டாங்க. இன்னுமா இத வித்துட்டு நிக்கிறீங்க?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அருள்ராணிக்கு முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலம் மாதவராஜ் வந்ததும் நேராகவே கேட்டாள்.

“தம்பி, நெஜத்தச் சொல்லுங்க. இதுல அந்த மாதிரி எதனா இருக்குதுங்களா? நான் அடுத்தவ புள்ள வாயில ஊட்டுறேன். என் புள்ளைக்கும் குடுக்குறேன்.”

மாதவராஜ் சிரித்தான். வாணலியில் இருந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். “அட போங்கக்கா. வெளிநாட்டுல மாட்டுக்கறி, பன்னிக்கறின்னு மூணு வேளையும் திங்குறானுங்க, அவனுங்களுக்குச் சொன்னது. என் புள்ளைங்க தெனமும் காலையில இதத்தான் தின்னுட்டு ஸ்கூலுக்குப் போவுதுங்க. பெத்த புள்ளைக்கு வெஷத்தக் குடுப்பனா நானு?”

அதற்கு மேல் என்ன வேண்டும்? பெற்ற பிள்ளைமேல் வைத்துச் சொல்கிற வார்த்தை. மறுநாளிலிருந்து யாராவது தயங்கினால் அருள்ராணி அதையே சொன்னாள். “எங்க மேனேஜர் புள்ளைங்களே தெனமும் இதத்தாங்க சாப்புடுதுங்க.” அந்த ஒரு வரியில் எத்தனையோ தாய்மார்கள் கூடைக்குள் பாக்கெட்டைப் போட்டார்கள். மாதவராஜும் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறான். ஒருநாளும் முகம் மாறியதில்லை.

வருடங்கள் ஓடின. சகாயமேரி பிளஸ் டூவுக்கு வந்த வருடம், அருள்ராணிக்கு வெளிக்குப் போகையில் ரத்தம் பட ஆரம்பித்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை, மூலமாகத்தான் இருக்கும் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டாள். கருணைக்கிழங்கு வைத்துத் தின்றாள். ரத்தம் நிற்பதும் வருவதுமாக இருந்தது. வயிறு ஒருநாள் கல்லாகக் கட்டிக்கொள்ளும், ஒருநாள் பேதியாகப் போகும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போனது. “டயட்டா அக்கா?” என்று கடையில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். இந்த இடத்து நோயை யாரிடம் சொல்வது என்ற வெட்கத்தில் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் வாணலி முன்னாலேயே கண் இருட்டிச் சாய்ந்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் கடைசிப் பக்கத்தில் கட்டி. சதை எடுத்து அனுப்பிய முடிவு வந்த அன்று டாக்டர் நிர்மலாதேவி கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். புற்றுநோய்தான், ஆனால் வேறு இடத்துக்குப் பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார். பிறகு வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா, புகையிலை போடுவீர்களா, என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாசேஜ் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“தினமுமா?”

“ஆமாங்க டாக்டர். பத்து வருசத்துக்கு மேல இருக்குங்க.”

“அதனாலதான் வந்துச்சுங்களா?” என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

“இதனாலதான்னு எந்த டாக்டராலயும் கைய வெச்சுச் சொல்லமுடியாதுங்க. தின்னாதவங்களுக்கும் வருது, தின்னவங்க நெறைய பேருக்கு வராமலும் போகுது. ஆனா கெடாம இருக்கவும் நெறத்துக்கும் மருந்து போட்டுப் பதப்படுத்துன கறிய தினமும் சாப்பிட்டா, இந்த நோய் வர்ற வாய்ப்பு கூடும். அதுல சந்தேகம் இல்ல. உலகம் முழுக்கப் பல லட்சம் பேரப் பாத்துட்டுச் சொன்னது. நீங்க வாய்ப்பக் கூட்டிக்கிட்டீங்க. அவ்வளவுதான் நான் சொல்லமுடியும்.”

அருள்ராணி தலையை ஆட்டி மறுத்தாள். “இல்லீங்க டாக்டர். எங்க மேனேஜர் புள்ளைங்களே தெனமும் சாப்புடுதுங்க.”

“அப்ப அவர்கிட்டயும் சொல்லுங்க. நிறுத்தச் சொல்லுங்க” என்றார் டாக்டர். சகாயமேரியைப் பற்றிக் கேட்டதற்கு, இப்போது பயப்பட ஒன்றும் இல்லை, அந்தக் கறியை விட்டுவிடட்டும், அம்மாவுக்கு வந்ததால் முப்பது வயது தாண்டியதும் ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்ததும் அருள்ராணி செய்த முதல் காரியம் மாதவராஜுக்குப் போன் போட்டதுதான். தன் வயிற்றில் இருப்பதைப் பற்றி அவள் அழவில்லை. அவனுடைய இரண்டு பிள்ளைகளும் பொங்கலுக்குப் பொங்கல் தன் மடியில் வந்து விழுவதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

“தம்பி, எனக்கு குடல்ல கேன்சராம். அது கெடக்கட்டும். டாக்டரம்மா அந்த சாசேஜ் ஆவாதுன்னு சொல்றாங்க. உங்க புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க சாமி. இன்னைக்கே நிறுத்திடுங்க. பூவிழிகிட்டயும் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள். பிறகு, “சரிங்கக்கா. நீங்க உடம்பப் பாத்துக்கங்க” என்ற குரல் கேட்டது. பாவம், தம்பி ஆடிப்போய்விட்டான் என்று கணவனிடம் சொன்னாள்.

ஆபரேஷன் நடந்தது. குடலில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டு, தைத்த இடம் ஆறும்வரை வயிற்றிலேயே வழி வைத்து ஒரு பை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பையை முதல் தடவை பார்த்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள்தான் கழற்றிக் கழுவி மாட்டப் பழகினாள். அப்புறம் மருந்து ஏற்றினார்கள். வாயெல்லாம் புண், தண்ணீர் குடித்தால்கூட இரும்பு நக்கின மாதிரி. மாதவராஜ் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் பக்கம் வராமல் கதவுக்கிட்டேயே நின்று பேசிவிட்டுப் போனான். வேலை அதிகம்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து பூவிழி பார்க்க வந்தாள். மாதுளம்பழமும் ராகிக் கூழ் மாவும் கொண்டுவந்திருந்தாள். சூதுவாது தெரியாத பெண். அருள்ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எங்க மாமனாருக்கும் இதேதாங்கக்கா. கண்ணால பாத்தவ நானு. ஆனா அவருக்கு முத்திப் போயிருந்துச்சு. உங்களுக்கு சீக்கிரமே கண்டுபுடிச்சிட்டாங்க, ஒண்ணும் ஆவாது.”

“உங்க மாமனாருக்கு ஈரல்ல இல்ல?”

“ஈரலுக்குப் பரவுனது அப்புறங்கக்கா. மொதல்ல குடல்லதான். இவரு கம்பெனியிலேர்ந்து கொண்டாந்து குடுக்குறதத்தான் மாமனாரு விரும்பித் தின்னுட்டு இருந்தாரு. டாக்டரு கேட்டுட்டுத் திட்டுனாரு. அன்னையிலேர்ந்து ஒரு பாக்கெட்டு எங்க வூட்டு வாசப்படி ஏறுனது இல்ல. புள்ளைங்க ஃப்ரெண்டு வூட்டுல தின்னுட்டு வந்துச்சுன்னு ஒருநாளு பெல்ட்ட எடுத்துட்டாருன்னா பாத்துக்கங்க.”

அருள்ராணி பூவிழியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பூவிழிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பிடித்திருந்த கையை விட்டாள். பழப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரம் முழுக்க அருள்ராணி யாரிடமும் அதைச் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் மறைத்திருந்தால் கம்பெனி புத்தி என்று விட்டிருப்பாள். இவன் அவள் வீட்டுத் தட்டில் சாப்பிட்டவன். அவன் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்ட வீட்டில் அவள் அடுப்பு ஊதியிருக்கிறாள். அவள் நேருக்கு நேர் கேட்டாள். அவன் வாயில் போட்டு மென்றுகொண்டே தன் பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுத்தான். அவன் பிள்ளைக்கு ஆகாதது அவள் பிள்ளைக்கு ஆகும் என்று, கடைக்கு வரும் சாயங்காலமெல்லாம் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தான். கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, அவன் பிள்ளைகளுக்காக அவள் அழுதாளே, அதையும் கேட்டுக்கொண்டு “சரிங்கக்கா” என்றானே. அந்த “சரிங்கக்கா”வை நினைக்கும்போதெல்லாம் தையல் போட்ட இடம் இழுத்தது.

போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. அவன் எந்தக் கிழமை கடைக்கு வருவான் என்று அவளுக்குத் தெரியும். ஸ்தனிஸ்லாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்; அவளும் வயிற்றுப் பைக்கு மேலே துண்டைச் சுற்றிப் புடவையை இறுக்கிக்கொண்டாள். “நீங்க வந்தா கைய நீட்டிருவீங்க. கேக்கவேண்டியது நானு” என்று அவனைப் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டு, தர்மபுரி பஸ்ஸில் தனியாகப் போனாள்.

ஐஸ் பெட்டிப் பக்கத்தில் அவள் இடத்தில் கோகிலவாணி என்ற புதுப்பெண் சிவப்புத் தொப்பியோடு நின்றிருந்தாள். ஒரு தாய் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “பயப்படாம வாங்குங்கம்மா. எங்க மேனேஜர் புள்ளைங்களே தெனமும் இதத்தான் சாப்புடுறாங்க.”

அருள்ராணி ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வரியை இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. சோப்பு அடுக்குக்குப் பின்னாலிருந்து மாதவராஜ் வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

“அக்கா... நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம்? வாங்க, வெளிய போய்ப் பேசலாம்.”

“வெளிய எதுக்கு? இங்க நின்னுதான கேட்டேன் அன்னைக்கு. இங்கயே சொல்லு. உன் புள்ளைங்க இதத் தின்னுச்சா?”

இத்தனை வருடத்தில் அவள் அவனை ‘நீ’ என்று சொன்னதில்லை. சாமான் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா, எல்லாருக்கும் வந்துடறது இல்லீங்க. எங்கப்பா பீடியும் புடிச்சாரு. உங்களுக்கு இதனாலதான்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. டாக்டரம்மாவே சொல்லல. நான் அதக் கேக்கல. உன் புள்ளைங்க தின்னுச்சா, தின்னலையா?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் வேற என்னத்தக்கா சொல்றது? ஆவாதுன்னு சொன்னா வேல போயிரும். உங்களுக்கும்தான் போயிருக்கும். ரெண்டு குடும்பமும் இதுலதான ஓடுச்சு.”

“வேல போனா துணி வித்துருப்பேன்டா. விக்கத் தெரிஞ்சவ நானு. திங்காதீங்கக்கான்னு காதோட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும், உன்னக் காட்டிக்குடுக்காம நாலு நாளுல கெளம்பியிருப்பேன். உன் புள்ளைக்கு பெல்ட்ட எடுத்தியே, என் புள்ளைக்கு எதுக்குப் பொட்டலம் கட்டுன?”

மன்னித்துவிடுங்கள் என்று அவன் சொல்வான் என்று அவள் எங்கேயோ எதிர்பார்த்திருந்தாள். அவன் சொன்னது வேறு: “கம்பெனியில சொல்லி உங்கள சூப் பாக்கெட்டு கவுண்டருல போடச் சொல்றேங்கக்கா. உக்காந்துட்டே பாக்குற வேல.”

அருள்ராணி புதுப்பெண் பக்கம் திரும்பினாள். “கண்ணு, நீ வேல பாரு. உன் வயித்துப் பொழப்பு. ஆனா அந்த வரிய மட்டும் சொல்லாத. அது பொய்யி. நான் அதச் சொல்லித்தான் இத்தன வருசம் வித்தேன்.” பாக்கெட்டைக் கையில் வைத்திருந்த தாய் அதை ஐஸ் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

மாதவராஜை அப்புறம் கம்பெனி கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றிவிட்டது. தண்டனை ஒன்றும் இல்லை, பதவி உயர்வு என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். கோகிலவாணி அதே இடத்தில்தான் நிற்கிறாள். அந்த வரியைச் சொல்கிறாளா இல்லையா என்று அருள்ராணி போய்ப் பார்க்கவில்லை. பூவிழி இரண்டு மூன்று முறை போன் செய்தாள். ஒருமுறை எடுத்து, “உன் மேல கோவம் இல்ல பூவிழி. ஆனா வூட்டுக்கு வராத” என்று மட்டும் சொன்னாள்.

மருந்து ஏற்றி முடிந்து, வயிற்றுப் பையையும் எடுத்து, குடலைப் பழையபடி சேர்த்துவிட்டார்கள். கடைசியாக எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இன்னும் சில வருடம் பார்க்கவேண்டும் என்று டாக்டர் நிர்மலாதேவி சொல்லியிருக்கிறார். அருள்ராணி பாலக்கோட்டிலேயே ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். மகள் சேலத்தில் காலேஜில் படிக்கிறாள். ஹாஸ்டலில் என்ன போட்டார்கள் என்று தினமும் போனில் கேட்பதுதான் மகளுக்குச் சலிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் தவறுவதில்லை. ஆனால் எல்லாரும் எழுந்து நின்று பரலோக மந்திரம் சொல்லும்போது, ‘எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல’ என்கிற இடம் வந்ததும் அவள் வாய் நின்றுவிடும். அடுத்த வரிக்குப் போய் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கும் ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியும். ஒருநாள் கோயில் விட்டு வரும் வழியில் மெதுவாகக் கேட்டான்.

“எத்தன நாளைக்குத்தான் அத விட்டுட்டுச் சொல்லுவ?”

“சாமிகிட்டயும் பொய் சொல்லச் சொல்றீங்களா?” என்றாள் அருள்ராணி.

இருவரும் கடைத்தெருவுக்குள் திரும்பி, கீரைக்காரியிடம் நின்றார்கள்.